மடையும் மின்னேற்றமும்



சிறுபோகத்தில் வீரமுனை வட்டைக்கு நீர் திறக்கும் நாட்களில் வரம்பில் நின்று பார்த்திருப்பீர்கள். மடையில் விழும் நீர் முழுவதும் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்வதில்லை. நண்டு வளை கொஞ்சம் குடிக்கும், பள்ளம் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

காபன் சேர்வைகளால் ஆன சேதனக் குறைகடத்திக்குள் ஓடும் மின்னேற்றங்களின் பாடும் இதுதான். சிலிக்கன் பளிங்கில் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்பதால் இலத்திரன் தங்குதடையின்றி ஓடும். சேதனப் படலத்திலோ மூலக்கூறுகள் சிக்கிய நூலாகக் கிடக்கும். ஏற்றம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவியே போகவேண்டும். வழியில் ஒரு பொறியில் விழுந்தால் அங்கேயே தங்கிவிடும். ஆனாலும் இந்தப் பொருள்கள்தாம் இன்று பலரின் கைப்பேசித் திரையில் ஒளிர்கின்றன. 1987இல் கொடாக் நிறுவனத்தில் டாங், வான் ஸ்லைக் இருவரும் மெல்லிய சேதனப் படலங்களை ஒளிரவைத்துக் காட்டியது அதற்கு வழி திறந்தது.

நமக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜெனி நெல்சன் முதலானோருடன் சேர்ந்து 2006இல் ஒரு சூரியக்கல ஆய்வை வெளியிட்டார். அந்தக் கலத்தில் ஒளியை உறிஞ்சுவது பல்பகுதியம். ஒளி பட்டதும் இலத்திரனும், அது விட்டுச்சென்ற வெற்றிடமான துளையும் சோடியாகப் பிறக்கும். அந்தச் சோடி சுமார் 10 நனோமீற்றர் தூரமே நகரும். அதற்குள் வேறொரு பொருளுடனான எல்லையை அடைந்து பிரியாவிட்டால் பிறந்தது வீண். ஆகவே அவர்கள், நட்ட நாற்றுப்போல நிமிர்ந்த நாக ஒட்சைட்டுக் கோல்களை வளர்த்து, இடையில் பல்பகுதியத்தை நிரப்பினார்கள். வயலுக்கு வயல் வாய்க்கால் வெட்டுவது போன்ற யோசனை இது! பிரிந்தவை மறுபடி சேர்ந்து அழியாதிருக்க, கோல்களின் மேல் சாயமூலக்கூறுப் படை ஒன்றும் பூசினார்கள்.

கிடைத்த வினைத்திறன் 0.20 சதவீதம். கூரையில் பூட்டும் சிலிக்கன் தகடுகள் 20 சதவீதத்தை எட்டும் காலத்தில் இது சிறிய எண்தான். ஆனால் தாறுமாறாகக் கிடந்த துணிக்கைகளால் செய்த கலத்தைவிட நான்கு மடங்குக்கு மேல். வழியை நேராக்கினால் ஏற்றம் போய்ச் சேரும் என்று அந்த எண் காட்டிவிட்டது. எனக்கு அது பெரிய எண்.

வீரமுனைக்குப் பக்கத்தில், சம்மாந்துறையில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளே, தாவும் இலத்திரனைப் பற்றி உங்களுக்கு எழும் கேள்விகளை எங்களுக்கு எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நானே வாசிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்