ஒருத்திக்கு எவ்வளவு சாமான்?

வெனிஸ் நகரத்தின் உள்ளே மோட்டார் வண்டி கிடையாது. ஆட்டோ ரிக்ஷாவும் கிடையாது. ரயிலை விட்டு இறங்கி ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால், தெரு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள். அவற்றை இணைக்க நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள். பாலம் என்றால் நம் ஊர்ப் பாலம் மாதிரி அல்ல. அநேகமாக எல்லாவற்றிலும் படிக்கட்டு. ஏறி இறங்க வேண்டும்.

இந்தச் சமாசாரம் 2018-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்று வாரம் தன்னந்தனியாக இத்தாலியைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட என்னிடம் இருந்தது சக்கரம் வைத்த ஒரு பெரிய பெட்டி. எடை 23 கிலோ. ரோமாபுரித் தெருக்களில் பதித்திருக்கும் கறுப்புக் கற்களின்மேல் உருண்டு உருண்டு ஒரு சக்கரம் ஏற்கனவே நொண்டிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலுள்ள ஸ்கால்ஸி பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். நாலு படி ஏறினேன். மூச்சு வாங்கிற்று.

அப்போது ஓர் ஆள் வந்தான். சிரித்தான். நான் சரி என்று சொல்வதற்குள் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். பாலத்தைத் தாண்டி, ஒரு சந்தில் திரும்பி, இன்னொரு சந்தில் நுழைந்தான். பின்னால் நான் ஓடினேன். நான் தங்க வேண்டிய விடுதி அந்தப் பக்கமே இல்லை! ஆளரவமற்ற ஒரு முடுக்கில் பெட்டியை இறக்கி, இருபது யூரோ கேட்டான். கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

பணம் போனது பெரிதல்ல. என் பெட்டி போன வழியில் நான் போனேனே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. தன் சாமானைத் தானே தூக்க முடியாதவள், தூக்குகிறவன் போகிற இடத்துக்குத்தான் போக வேண்டும். தனியாகப் பிரயாணம் செய்யும் பெண்ணுக்குச் சாமானின் எடை சௌகரிய அசௌகரியம் பற்றிய விஷயம் மட்டுமல்ல. அவள் பத்திரம் பற்றிய விஷயம்.

★

பெண்களின் சாமான் பற்றிய பேச்சு இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் 'நியூயார்க் வோர்ல்ட்' பத்திரிகையில் நெல்லி பிளை என்று ஒரு பெண் நிருபர் இருந்தார். கதையில் 80 நாளில் உலகம் சுற்றியதைவிடச் சீக்கிரமாக நான் நிஜமாகவே சுற்றி வருகிறேன் என்று பத்திரிகை நிர்வாகத்தினரிடம் கேட்டார். அவர்கள் மறுத்ததற்குச் சொன்ன காரணங்கள் இரண்டு. பெண்ணுக்கு ஆண் துணை வேண்டும் என்பது ஒன்று. பெண் என்றால் மூட்டை முடிச்சு நிறைய இருக்கும், ரயிலும் கப்பலும் மாறி மாறி ஏற முடியாது என்பது மற்றொன்று.

அந்த அம்மாள் என்ன செய்தார், தெரியுமா? சம்மதம் கிடைத்ததும் ஒரே ஒரு கைப்பையை எடுத்துக்கொண்டார். அகலம் 16 அங்குலம், உயரம் 7 அங்குலம். உடுத்திக்கொண்ட உடை ஒன்று, மேலே போட ஒரு நீண்ட கோட்டு. வெயில் காலத்துக்கென்று தைத்த உடை பையில் அடங்கவில்லை என்று கண்டதும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டார். 1889-ஆம் வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி புறப்பட்டு, இத்தாலியிலுள்ள பிரிண்டிசி துறைமுகத்தில் கப்பலேறி, நம் பக்கத்துக் கொழும்பில் கப்பலுக்காக ஐந்து நாள் காத்திருந்து, ஜப்பான் வழியாக 1890 ஜனவரி 25-ஆம் தேதி திரும்பிவிட்டார். மொத்தம் 72 நாள்.

அவ்வளவு கெட்டிக்காரரும் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோனார். முகத்துக்குப் பூசும் கிரீம் ஜாடி ஒன்றை எடுத்துப் போய்விட்டார். பையை மூடும்போதெல்லாம் அது இடைஞ்சல் செய்ததாம். உலகம் சுற்றியவருக்கே ஒரு ஜாடி தொல்லை கொடுத்தது என்றால், 23 கிலோவில் என்னிடம் எத்தனை ஜாடிகள் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்!

★

2023-ல் மறுபடியும் அதே இத்தாலிக்கு, அதே மூன்று வாரத்துக்குப் புறப்பட்டேன். இந்தத் தடவை முதுகுப் பை ஒன்றுதான். கொள்ளளவு 40 லிட்டர். பல விமானக் கம்பெனிகள் கையோடு எடுத்துப் போக 7 கிலோதான் அனுமதிக்கின்றன. அதையே என் எல்லையாக வைத்துக்கொண்டேன். இடுப்புப் பட்டை உள்ள பையாகப் பார்த்து வாங்குங்கள். பாரத்தில் பெரும்பங்கை இடுப்பு தாங்கும், தோள் பிழைக்கும்.

துணி விஷயத்தில் ஒரு ரகசியம் உண்டு. மூன்று வாரத்துக்கும் ஒரு வாரத்துக்கும் துணி எண்ணிக்கை ஒன்றுதான். வித்தியாசம் சோப்பில்தான் இருக்கிறது! நான் எடுத்துக்கொண்டது: மேலுடை மூன்று, கால்சட்டை இரண்டு, உள்ளாடை ஐந்து ஜோடி, காலுறை மூன்று ஜோடி, மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று, மழைக்கும் காற்றுக்கும் ஒரு மேல்சட்டை. இதில் ஒரு செட் உடம்பிலேயே இருக்கும். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிற நிறமாக இருந்தால் மூன்று மேலுடையும் இரண்டு கால்சட்டையும் ஆறு விதமாகும். கனத்த பருத்தி வேண்டாம். குளிர் ஊரில் இரண்டு நாளானாலும் காயாது.

இவற்றோடு ஒரு துப்பட்டா அவசியம். போப்பாண்டவரின் வாடிகனிலும் மற்ற பெரிய மாதா கோயில்களிலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அந்த ஒரே துப்பட்டா ரயிலில் போர்வை, விடுதியில் கட்டிலுக்குத் திரை, குளிரில் கழுத்துக்குக் கம்பளி.

செருப்பு வகையறாதான் பையில் பெரிய எதிரி. நடந்து பழகிய பூட்ஸ் காலில். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு பையில். அதோடு சரி. புதுப் பூட்ஸைப் பிரயாணத்தன்று முதன்முதலாகப் போட்டுக்கொள்வது, கால் வலியை டிக்கெட் எடுத்து அழைத்துப் போவதற்குச் சமானம்.

எண்ணெய், ஷாம்பு, பேஸ்ட், தைலம் எல்லாம் பெரும்பாலான விமான நிலையங்களின் கணக்கில் திரவங்கள். கையோடு கொண்டு போவதானால் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேற்படாத புட்டியில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பைக்குள் அடங்க வேண்டும். சோப்புக் கட்டி திரவமல்ல. குளியலுக்கும் துணிக்கும் அதுவே போதும். செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பாங்கைக் கையோடுதான் வைத்திருக்க வேண்டும். லக்கேஜில் போடக் கூடாது.

மாதாந்தர விஷயத்துக்கு மூன்று வாரத்துக்கும் வேண்டியதைச் சுமக்கத் தேவையில்லை. இரண்டு நாளைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டால் போதும். பாக்கியை அங்கேயுள்ள எந்த மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் வாங்கலாம். சிலிக்கோன் கிண்ணம் உபயோகிக்கிறவர்களுக்கு அந்தப் பாரமும் இல்லை. ஆனால் அதை வீட்டில் இரண்டு மூன்று மாதம் பழகிய பிறகே பிரயாணத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று விடக் கூடாதவையும் உண்டு. தினசரி சாப்பிடும் மருந்து, டாக்டர் சீட்டுடன். பாஸ்போர்ட்டின் நகல், அசலோடு சேராமல் தனியாக. பணமும் கார்டும் இரண்டு இடங்களில். பிரயாண இன்ஷூரன்ஸ், இத்தாலி விசாவுக்கு அது 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சின்னப் பூட்டு ஒன்று. பல இளைஞர் விடுதிகளில் அலமாரி கொடுப்பார்கள், பூட்டு நாம்தான் கொண்டு போக வேண்டும்.

எல்லாம் அடுக்கியானதும் ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். பையை மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குங்கள். நடுவில் யாராவது ஒரு கை கொடுத்தால் தேவலை என்று தோன்றினால், பையைத் திறந்து இன்னும் இரண்டு சாமானை வெளியே எடுங்கள்.

★

எழுத்தில் இவ்வளவு சுலபம். வீட்டில் நடந்தது வேறு. நான் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க எடுக்க, அம்மா ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். "ஒருவேளை குளிர் ஜாஸ்தியாக இருந்தால்?" என்று இன்னொரு போர்வை. "ஒருவேளை சாப்பாடு பிடிக்காவிட்டால்?" என்று பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு டப்பா நெய். பால், மாமிசம் சம்பந்தப்பட்ட பண்டங்களை ஐரோப்பாவுக்குள் எடுத்துப் போகக் கூடாது, நெய்யும் அதில் சேர்த்திதான் என்றேன். "நெய் என்ன பாவம் பண்ணிற்று?" என்றாள். பருப்புப் பொடிக்கு மட்டும் இடம் கொடுத்தேன். அவள் முகம் வாடிவிட்டது.

எனக்குச் சட்டென்று ஒரு ஞாபகம் வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு காசிக்குப் போனோம். ஒன்பது பேர். பாட்டிக்கு வெந்நீர்ப் பை, அப்பாவுக்கு மப்ளர், தம்பிக்குப் பால் பவுடர், எல்லோருக்கும் புளிசாதம் என்று ஒரு வாரமாக மூட்டை கட்டியவள் அம்மாதான். அவளுடைய சாமான் எங்கே இருந்தது? அப்பாவின் வேட்டிகளுக்கு அடியில் இரண்டு நூல் புடவை. அவ்வளவுதான்!

வெளிநாட்டுப் பெண் ஒருத்தி 72 நாளைக்கு ஒரு கைப்பை என்று ஆச்சரியப்பட்டேனே, அந்த வித்தை என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. தனக்கென்று மூட்டை கட்டும்போது அம்மாவுக்கு 'ஒருவேளை' என்ற வார்த்தையே கிடையாது. அந்த 'ஒருவேளை' எல்லாம் மற்றவர்களுக்காக. நாமும் அவளிடமிருந்துதான் மூட்டை கட்டக் கற்றுக்கொண்டோம். அதனால்தான் தன்னந்தனியாகப் புறப்படும்போதுகூட, பின்னால் எட்டுப் பேர் வருகிற மாதிரி அடுக்குகிறோம்.

"அம்மா, நீயே போவதாக இருந்தால் என்ன எடுத்துக்கொள்வாய்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, மெல்லிய ஈரிழைத் துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். "இது ஒன்று போதும். பூத்துவாலையை எடுத்து வெளியே வை" என்றாள்.

என்ன அனுபவம்! துவைத்த சட்டையைப் பிழிந்து, உலர்ந்த துண்டின்மேல் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி முறுக்கினால் ஈரம் முழுவதும் துண்டுக்கு வந்துவிடும். இரவு கொடியில் போட்டால் காலையில் சட்டை தயார், துண்டும் தயார். மூன்று வாரமும் அந்தத் துண்டுதான் என்னைக் காப்பாற்றிற்று.

வெனிஸ் ஸ்டேஷனில் இறங்கி, பையோடு ஸ்கால்ஸி பாலத்தில் ஏறினேன். யாரோ ஒருவன் கையை நீட்டிக்கொண்டு வந்தான். தலையை அசைத்துவிட்டு நடந்தேன். பாலத்தின் உச்சியில் நின்று, படகுகள் போவதை நிதானமாக வேடிக்கை பார்த்தேன். முதல் தடவை வந்தபோது அந்தப் பாலத்திலிருந்து நான் பார்த்தது ஒருவனுடைய முதுகை மட்டும்தான்.

அன்றிரவு அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அடுத்த தடவை போகும்போது எனக்கும் ஒரு பை வாங்கிவிடு" என்றாள்.

"எவ்வளவு பெரிது அம்மா?"

"சின்னதே போதும். எனக்கு ஒருத்திக்குத்தானே!"