தன் வழக்கில் தானே நீதிபதியா?

கொல்லிமலையிலிருந்து ஒருவர் கையில் ஒரு மனுவுடன் கீழே இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுபது வளைவுகளைக் கடந்து காரவள்ளிக்கு வந்து, காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் கலெக்டர் காரியாலயத்தை அடைகிறார். அன்று திங்கட்கிழமை, ஜனங்களின் மனுக்களை வாங்கும் நாள். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் தம்மிடம் லஞ்சம் கேட்டார் என்றோ, தம்மை அடித்தார் என்றோ அவர் எழுதிக் கொடுக்கிறார். மனு பதிவாகிறது, நம்பரும் கிடைக்கிறது. பிறகு, விசாரித்து அறிக்கை அனுப்பும்படியான குறிப்புடன் அது எங்கே போகிறது? எந்த இலாகாவின் மீது புகாரோ, பெரும்பாலும் அந்த இலாகாவுக்கே போகிறது. எந்தக் காரியாலயத்துக்குப் பயந்து அவர் மலையிறங்கினாரோ, அதே காரியாலயத்திலிருந்தே அவருக்கு விசாரணைக்கு அழைப்பு வருகிறது. இந்த மலைவாசி நமது கற்பனை. அவருடைய மனு செல்லும் வழி கற்பனையன்று. மனு எழுதிப் பழகிய நேயர்கள் எல்லோரும் இதை அறிவார்கள்.

தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கலாகாது என்பது நாகரிக உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட நியாயம். வேலியே பயிரை மேய்வதாக நம்மவர்கள் பழமொழி சொல்வதுண்டு. மேய்ந்த வேலியையே சாட்சிக்கும் அழைத்து, தீர்ப்பையும் அதனிடமே கேட்பதற்குத்தான் இலாகா விசாரணை என்று பெயர்.

இது புதிய நோயன்று. கம்பெனி ஆட்சியில், வரி வசூலுக்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்படுவதாகப் புகார் எழுந்து, அதை விசாரிக்க மூவர் கொண்ட கமிஷன் சென்னையில் நியமிக்கப்பட்டது. அது 1855-ம் வருஷம் அறிக்கை வெளியிட்டது. சித்திரவதை உண்மையே என்று கண்டதோடு, பாதிக்கப்பட்டவர்கள் பரிகாரம் பெறுவதிலுள்ள கஷ்டமே தங்கள் மனத்தை மிகவும் வருத்தியது என்றும் கமிஷனர்கள் எழுதினர். வரி வாங்குகிறவரே போலீஸ் அதிகாரமும் செலுத்தினால் குடியானவன் யாரிடம் போய் முறையிடுவான்? அந்நிய ஆட்சியாளர்களே இதை உணர்ந்து, 1859-ல் சட்டம் இயற்றிப் போலீஸைத் தனி இலாகாவாக்கினர். நமது சொந்த ஆட்சி அதற்குப் பின்தங்கி நிற்கலாமா?

நின்றது என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. தர்மபுரி ஜில்லா அரூர்ப் பகுதியில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள ஊர் அது. கொல்லிமலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியினரே அங்கும் வாழ்கின்றனர். 1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக் கட்டைக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வன இலாகாவினரும், போலீஸாரும், ரெவினியூ உத்தியோகஸ்தர்களும் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன; ஜனங்கள் அடிக்கப்பட்டனர்; 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளாயினர். அன்றைய சர்க்கார் குற்றச்சாட்டை மறுத்தது. மார்க்ஸிஸ்ட் கட்சித் தலைவர் ஏ. நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். 1995-ல் ஹைகோர்ட் உத்தரவின் பேரில் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்கு மாறிய பிறகே உண்மைக்கு வாய் பிறந்தது.

2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி செஷன்ஸ் கோர்ட், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரில் வன இலாகாவினர் 126, போலீஸார் 84, ரெவினியூ உத்தியோகஸ்தர்கள் 5. 2023 செப்டம்பர் 29-ந் தேதி ஹைகோர்ட் இத்தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தது. அக்காலத்துக் கலெக்டர், போலீஸ் சூப்பரின்டென்டென்ட், ஜில்லா வன அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது. முப்பத்தொரு வருஷங்கள்! மத்தியப் புலனாய்வுத் துறையும் போலீஸ்தானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் அரூரில் காப்பாற்ற வேண்டிய சகாக்கள் அதற்கு இல்லை. அந்த ஒரு வித்தியாசமே போதுமானதாயிற்று.

இலாகா விஷயம் இலாகாவுக்குத்தான் தெரியும் என்று அதிகாரிகள் வாதிக்கலாம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. வேலைக்குப் பிந்தி வந்தவரையும், தஸ்தாவேஜைத் தாமதப்படுத்தியவரையும் 17(அ), 17(ஆ) விதிகளின்படி இலாகாவே விசாரிக்கட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒரு பிரஜையின் உடலுக்கும் மானத்துக்கும் பங்கம் வந்தால் அது வெறும் ஒழுங்குமீறலாகுமா? இலாகா விசாரணையில் புகார் கொடுத்தவர் வெறும் சாட்சி. தண்டனை பெற்ற உத்தியோகஸ்தருக்கு அப்பீல் உண்டு, ஏமாற்றமடைந்த பிரஜைக்கு இல்லை. மனுநீதிச் சோழனிடம் மந்திரிகள் பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றார்களாம், அரசன் இசையவில்லை. நம் இலாகாக்கள் அந்த மந்திரிகளைப் போலவே, இடமாற்றம் என்னும் பிராயச்சித்தத்தோடு தம்மவரை அனுப்பிவிடுகின்றன.

பொய்ப் புகார்கள் வருகின்றனவே என்பது மற்றொரு வாதம். வருவது மெய்தான். அதனாலேயே வெளியார் விசாரணை யோக்கியமான உத்தியோகஸ்தருக்கும் வேண்டும். சொந்த இலாகா அவரைக் குற்றமற்றவர் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்?

2006-ல், பிரகாஷ் சிங் வழக்கில், போலீஸார் மீதான புகார்களை விசாரிக்கத் தனி அமைப்புகள் வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற நீதிபதிகளே அவற்றுக்குத் தலைமை வகிக்க வேண்டும் என்றும் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. 2013-ல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் செய்ததென்ன? மாகாண அமைப்புக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, போலீஸ் டைரக்டர் ஜெனரலை அங்கத்தினராக்கியது. ஜில்லா அமைப்பில் கலெக்டரையும் போலீஸ் சூப்பரின்டென்டென்டையும் அமர்த்தியது. கட்டளையின் பெயர் இருக்கிறது; அதன் உயிர் இல்லை.

நாம் கோருவன மூன்று. புகாருக்குள்ளான இலாகாவுக்கு அப்புகாரை விசாரணைக்கு அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். புகார் அமைப்புகளுக்கு நீதிபதிகளாயிருந்தவர்களே தலைமை வகிக்க வேண்டும். அது போலீஸோடு நில்லாமல் வனம், ரெவினியூ முதலிய இலாகாக்களுக்கும் பொருந்த வேண்டும். முடிவும் அதற்கான காரணங்களும் புகார்தாரருக்குக் குறித்த காலத்துக்குள் எழுத்தில் கிடைப்பதோடு, அவருக்கு அப்பீல் உரிமையும் வேண்டும்.

வாச்சாத்தி அப்பீலை விசாரித்த ஹைகோர்ட் நீதிபதி, 2023 மார்ச்சில் தாமே அந்த ஊருக்குச் சென்று பார்த்த பின்னரே தீர்ப்பளித்தார். ஹைகோர்ட் நீதிபதி செய்ததை மற்றவர்கள் செய்வதற்கென்ன? மனுவைச் சுமந்துகொண்டு மலைவாசி காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கியது போதும். விசாரிப்பவர் அவ்வழியே மலையேறட்டும். அவர் புகாருக்குள்ளானவரின் சகாவாக இல்லாதிருக்கட்டும்.