காயலான் கடைக்குப் போகும் வண்டி

நம் தெருக்களில் ஏதாவது ஓர் ஓரத்தில் டயர் காற்றிறங்கிப் போன பழைய கார் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்போம். ஒருநாள் ஓர் ஆள் வந்து விலை பேசி, அதைக் காயலான் கடைக்கு இழுத்துச் செல்வார். பணம் கைக்கு வந்ததும் வண்டியை நாம் மறந்துவிடுகிறோம். அதற்குப்பின் அது என்ன ஆகிறது என்று கேட்பதே இல்லை.

சென்னை புதுப்பேட்டைக்குப் போனவர்களுக்கு விடை ஓரளவு தெரியும். அங்கே கதவு, கண்ணாடி, கியர் பெட்டி, ஹெட்லைட் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே விலைபோகும். மிஞ்சிய இரும்பு எடைக்குப் போகும். இந்த உழைப்பை நாம் குறைவாக எண்ணக் கூடாது. ஒரு டன் பழைய இரும்பை உருக்கி எஃகு செய்தால் சுமார் 1.4 டன் இரும்புத் தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சமாகும் என்பது உலக எஃகுச் சங்கத்தின் கணக்கு.

ஆனால் விலைபோகாதவை? என்ஜினில் தங்கிய கழிவு ஆயில், பாட்டரியின் அமிலம், ஏ.சி. வாயு, இருக்கையின் நுரைப்பஞ்சு ஆகியவை முறையான ஏற்பாடு இல்லாத இடங்களில் மண்ணையும் சாக்கடையையும் காற்றையும் சேருகின்றன. பாட்டரியிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. பெயின்ட் பூசிய தகட்டைக் கேஸ் வைத்து வெட்டும் இளைஞர், அந்தப் புகையைத்தான் நாள் முழுவதும் சுவாசிக்கிறார்.

இதைச் சீர்செய்யச் சட்டம் வந்திருக்கிறது. 2021 செப்டம்பரில், பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்கான விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. அங்கே வண்டியை ஒப்படைப்பவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால், மாநில அரசுகள் சொந்த வாகனத்துக்கு 25 விழுக்காடு வரையும் வணிக வாகனத்துக்கு 15 விழுக்காடு வரையும் வரிச் சலுகை தரலாம். 2025 ஏப்ரல் 1 முதல் சுற்றுச்சூழல் விதிகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. பதிவு காலாவதியான அல்லது ஓடத் தகுதியற்றது என அறிவிக்கப்பட்ட வண்டியை 180 நாள்களுக்குள் ஒப்படைப்பது உரிமையாளரின் கடமை. தயாரிப்பு நிறுவனங்களும் இனிக் கைகழுவ முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் விற்ற வண்டிகளில் இருந்த எஃகில் 8 விழுக்காட்டுக்கு ஈடான அளவு மீட்கப்பட்டதற்கு அவை சான்று காட்ட வேண்டும். 2035-36 முதல் இது 18 விழுக்காடாகும்.

நல்ல தொடக்கம்தான். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. எஃகுக்குச் சந்தையில் எப்போதும் விலை உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அதைப் பொறுக்க ஆள் வருவார். விலையில்லாத கழிவுகளை நீக்கிப் பத்திரப்படுத்தவும் விதி சொல்கிறது. ஆனால் நிறுவனங்களின் இலக்கு எஃகை மட்டுமே எண்ணுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் கொண்டுவந்த சட்டமோ, 2015 முதல் வண்டியின் மொத்த எடையில் 95 விழுக்காடு ஏதேனும் ஒரு வகையில் மீண்டும் பயன்பட வேண்டும் என்றது. கடைசி உரிமையாளர் செலவின்றி வண்டியை ஒப்படைக்கவும் வழி செய்தது.

நம் கணக்கில் வராதவர்கள் இன்னும் இருவர். ஒருவர், காயலான் கடைத் தொழிலாளி. பெரிய இடமும் இயந்திரமும் முதலும் உள்ளவர்களே பதிவுபெற்ற நிலையம் தொடங்க முடியும் என்றால், தலைமுறையாக இத்தொழிலில் கை பழகியவர் எங்கே போவார்? அவர்களைக் கூட்டுறவாக இணைத்து, பயிற்சியும் கையுறையும் முகக்கவசமும் கொடுத்து, இந்த ஏற்பாட்டுக்குள் சேர்த்துக்கொள்வதே நீதி. மற்றவர், பழைய மினி லாரியை நம்பிக் குடும்பம் நடத்துபவர். புது வண்டி வாங்க முடியாத அவருக்கு வரிச் சலுகையால் நேரடிப் பயன் இல்லை. குறைந்த வட்டிக் கடனுக்கு அரசு வழிசெய்தால் அவரும் மனமுவந்து பழைய வண்டியை விடுவார்.

நம் பங்கும் உண்டு. வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு ஆர்.சி. புத்தகத்தை அலமாரியில் வைத்திருப்பது தவறு. இனி ஓட்டவே இயலாதபடி வண்டி அழிந்துவிட்டால், 14 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பதிவை ரத்து செய்யாவிட்டால், அந்த எண்ணை எவரோ தவறாகப் பயன்படுத்தும்போது பழி நம் பெயரில் வந்து விழும்.

வண்டி வாங்கும்போது நாள் பார்த்தோம், மாலை போட்டோம், எலுமிச்சம்பழம் வைத்தோம். பல ஆண்டுகள் நம்மைச் சுமந்த அந்த வண்டியை வழியனுப்பும்போது, கூடுதலாகக் கிடைக்கும் ஐந்நூறு, ஆயிரத்தை மட்டும்தான் பார்ப்போமா? அதை உடைப்பவரின் மூச்சையும், அருகில் விளையாடும் குழந்தையையும் ஒரு கணம் நினைப்போமா? சிந்திப்போம்.