ஈப்போவுக்குக் கூடுதல் விமானம்: மக்கள் பணத்துக்குக் கணக்கு வேண்டும்

ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்துக்கு மேலும் பல விமானச் சேவைகள் வர வேண்டும் என்ற பேச்சு பேராக்கில் நீண்ட காலமாகவே உண்டு. 2026 மலேசியா வருகை ஆண்டையொட்டி அந்த எதிர்பார்ப்பு இன்னும் கூடியுள்ளது. சுற்றுப்பயணிகள் வந்தால் லிட்டில் இந்தியா கடைக்காரருக்கும் டாக்சி ஓட்டுநருக்கும் ஹோட்டல் ஊழியருக்கும் வருமானம்தான். இதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், விமானத்தை வரவழைக்க அரசு பணம் கொடுக்கும்போது அதன் பலன் யாருக்குப் போகிறது என்று நாம் கேட்க வேண்டும்.

உலகில் பல இடங்களில் நடப்பது இதுதான். சிறிய விமான நிலையத்தில் பயணிகள் குறைவு என்பதால் நிறுவனங்கள் வரத் தயங்குகின்றன. உடனே அரசு, "விளம்பரச் செலவை நாங்கள் ஏற்கிறோம், இறங்கு கட்டணத்தைக் குறைக்கிறோம்" என்கிறது. பணம் வரும்வரை விமானம் பறக்கும். நின்றதும் வேறு ஊருக்குப் போய்விடும். கட்டிய முனையம் மட்டும் அங்கேயே நிற்கும்.

பிரான்சின் மொன்பெலியே நகரம் இதற்கு நல்ல பாடம். அரசு நிதி பெற்ற ஒரு சங்கம், 2010 முதல் 2017 வரை விளம்பர ஒப்பந்தம் என்ற பெயரில் ரயன்ஏர் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது. அது முறையற்ற அரசு உதவி என்று 2019-இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய ஆணையம், 85 லட்சம் யூரோவைத் திரும்ப வசூலிக்க உத்தரவிட்டது.

ஈப்போவின் நிலைமை என்ன? இ.டி.எஸ். ரயிலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கோலாலம்பூர். எனவே தலைநகருக்கு விமானம் ஏற ஆளில்லை. சிங்கப்பூர், ஜொகூர் பாரு போன்ற தடங்களையே இந்நிலையம் நம்பியிருக்கிறது. ஓடுபாதையும் ஏறக்குறைய 2,000 மீட்டர்தான். பினாங்கில் 3,300 மீட்டருக்கும் மேல். எவ்வளவு விளம்பரம் செய்தாலும் ஓடுபாதை நீளாது.

நம்மவரில் பலருக்குத் தேவை சென்னை, திருச்சி பயணம். சுங்கை சிப்புட்டிலோ தாப்பாவிலோ இருப்பவர், ஊரில் ஒரு சாவு என்றால் நள்ளிரவில் பெட்டியோடு கே.எல்.ஐ.ஏ.வுக்கு ஓடுகிறார். 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடிச் சேவை தொடங்கியது. வட பேராக் மக்களுக்கு அது எவ்வளவோ பக்கம். அப்படியானால் விளம்பர நிதியில் ஒரு சிறு பகுதியை, பினாங்கு விமான நேரத்துக்கு ஏற்ற பேருந்துச் சேவைக்கு ஒதுக்கினால் என்ன? விமானம் ஈப்போவிலிருந்துதான் பறக்க வேண்டும் என்பதில்லை. மக்கள் சிரமமின்றிப் போய்வர வேண்டும்.

நாட்டின் சிறிய விமான நிலையங்கள் பல, பெரிய நிலையங்களின் வருமானத்தில்தான் நடக்கின்றன. அவற்றை நடத்தும் மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனத்தில் 2025 முதல் ஊழியர் சேமநிதி வாரியத்தின் பங்கு 30 விழுக்காடு. ஆக, நம் ஓய்வுக்காலச் சேமிப்பும் இதில் இருக்கிறது.

ஆகவே, மாநில அரசு நிதி கொடுப்பதாக இருந்தால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு என்பதைச் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டும். முன்பணமாகக் கொடுக்காமல், வந்து இறங்கிய வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கொடுத்து, ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் சேவையை நிறுத்தினால் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

விளம்பரத்திலும் நமக்கு இடம் வேண்டும். குகைக் கோயில்களையும் வெள்ளைக் காப்பியையும் காட்டும் அதே படத்தில், குனோங் சீரோ கல்லுமலை முருகன் கோயிலும் லிட்டில் இந்தியாவும் இடம்பெறட்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்பார்களா?