எழுத்தோட்டமும் முதற் சாட்சியமும்

துப்பறியும் படமொன்றைக் கைபேசியில் பார்க்க அமரும் நம் மலைநாட்டு இளைஞர், முதற் காரியமாக எழுத்தோட்டத்தைத் தாண்டிவிடுகிறார். தாண்டுவதற்கென்றே 2017 ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு பொத்தானை அமைத்துக் கொடுத்தது. "பெயர்களைப் படித்து ஆவதென்ன?" என்பது அவர்கள் வாதம். அதை நான் ஒப்புவதற்கில்லை. நல்ல மர்மப் படத்தில் முதற் சாட்சியம் எழுத்தோட்டத்திலேயே வைக்கப்பட்டுவிடுகிறது. அதைக் கேளாமல் வழக்கைத் தீர்க்கப் புகுவது முறையன்று.

இந்த அலட்சியம் இன்று தோன்றியதன்று. அமெரிக்கக் கொட்டகைகளிலும் ஒருகாலத்தில் திரைச்சீலை விலகுமுன்பே பெயர்களை ஓட்டி முடித்துவிடுவார்களாம். 1955 இல் ஓட்டோ பிரமிஞ்சர் தம் படப்பெட்டியோடு, எழுத்து ஓடுமுன் சீலையை விலக்கும்படி ஒரு குறிப்பை அனுப்பிவைத்தார். சோல் பாஸ் என்னும் சித்திரக்காரர் அமைத்த எழுத்தோட்டம் அவருக்கு அத்துணை முக்கியமாகப் பட்டது.

அந்தப் பாஸே 1960 இல் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' படத்துக்கும் எழுத்தோட்டம் அமைத்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் பாய்கின்றன. பெயர்கள் துண்டுபட்டுச் சிதறி, மீண்டும் கூடுகின்றன. பேர்னாட் ஹெர்மனின் தந்தி வாத்தியங்கள் நெஞ்சைக் கீறுகின்றன. ஒரு துளி இரத்தமில்லை. ஆயினும் இது பிளவுண்ட மனமொன்றின் கதை என்பதைக் கண்ணும் செவியும் அறிந்துகொள்கின்றன. அறிவு அதனை உணர்வதோ கடைசியில்தான்.

1995 இல் வந்த 'செவன்' படத்தைப் பாருங்கள். கொலைகாரன் நேரில் வெளிப்படுவது கதையின் பிற்பகுதியில். ஆனால், கைல் கூப்பர் அமைத்த எழுத்தோட்டத்திலே அவனுடைய விரல்கள் வந்துவிடுகின்றன. அவை குறிப்பேடுகளைத் தைக்கின்றன. விரல்நுனித் தோலைச் சீவுகின்றன. முகமே தெரியாத ஒருவனுடைய பொறுமையும் கொடுமையும் இரண்டே நிமிடத்தில் நமக்குப் புரிந்துவிடுகின்றன. பாத்திரப் படைப்பு என்பது இதுவன்றோ!

தமிழர்களும் இக்கலையை அறியாதவர்களல்லர். வீணை எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954 இல் வந்தது. பாட்டும் கூத்தும் இல்லாத அப்படம், தொடக்கத்திலேயே கதாநாயகனைச் சுட்டு வீழ்த்தி, 'இது காதற்கதையன்று' என்று உரைத்துவிட்டது. 2017 இல் புஷ்கர்–காயத்ரி இயக்கிய 'விக்ரம் வேதா', விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் அசையும் சித்திரமாக்கித் தொடங்குகிறது. கதை சொல்லிக் கேள்வி தொடுப்பவன் ஒருவன், விடை தேடித் தவிப்பவன் மற்றவன் என்ற உறவு அங்கேயே நிலைபெற்றுவிடுகிறது.

எழுத்தறியாதவருக்கு எழுத்தோட்டம் எதற்கு என்று கேட்கலாம். எனக்குத் தோன்றுவது நேர்மாறானது. லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலருக்குப் பள்ளிக்கூடம் எட்டவில்லை. அத்தகையோருக்குத் திரையில் ஓடிய எழுத்தும் ஒரு சித்திரந்தான். இசையே அதன் பொருள். நல்ல எழுத்தோட்டம் படிக்கத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் ஒரே பந்தியில் அமர்த்துகிறது.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. தோட்டத்துக் குற்றக் கதை ஒன்றைச் சொல்ல நினைத்தால், கைத்துப்பாக்கியையும் இரத்தத் துளியையும் ஏன் இரவல் வாங்கவேண்டும்? கொழுந்து நிறுக்கும் தராசின் முள் நடுங்கி நிற்கட்டும். செக்ரோலின் பக்கங்கள் புரளட்டும். நாள் முழுதும் மலையேறி இறங்கியும், நிறை குறைந்ததென்று பாதிக் கூலியே எழுதப்பட்ட ஒருத்தியின் பெயர் அங்கே தென்படட்டும். 'அரைப்பேர்' என்ற சொல்லின் வலி நமக்குத் தெரியும். அவள் யார், அவளுக்கு எதிரில் நிற்பவர் யார், முதற் குற்றம் எது என்பவற்றை ஒரு வசனமுமின்றி அந்த ஏடு சொல்லிவிடும்.

பேர் விழுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்கள் நாம். பிறர் உழைப்பின் பெயர்கள் திரையில் ஓடும் இரண்டு நிமிடத்தை நாமே தாண்டிச் செல்வது அழகாகுமா?