உடம்பெல்லாம் தடிப்பு: நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் பெற்றோர்! பழி மாத்திரை மேல்... உண்மை காரணம் என்ன?

ராத்திரி 11 மணி. 2 நாளாக காய்ச்சலில் கிடந்த குழந்தை திடீரென உடம்பை சொறிந்து அழுகிறது. லைட்டை போட்டு பார்த்தால் வயிறு, முதுகு, தொடை எங்கும் சிவப்பு சிவப்பாக தடிப்பு. கண் இமையும் வீங்கி இருக்கிறது. "பிள்ளைக்கு என்னத்த கொடுத்தே?" என்று மாமியார் சத்தம் போட, கையில் மாத்திரை அட்டையோடு அவசர சிகிச்சை பிரிவுக்கு ஓடுகிறார்கள் பெற்றோர்.

காய்ச்சல் சீசனில் இது ஊருக்கு ஊர் நடக்கும் கதை. கிராமங்களில் இதற்கு காணாக்கடி என்று பெயர். கண்ணுக்கு தெரியாத பூச்சி கடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்து மந்திரிப்பவர்கள் இன்றும் உண்டு. டவுனிலோ பழி மாத்திரை மேல் விழுகிறது.

காய்ச்சல் கிருமியே காரணம்

குழந்தைகளுக்கு இப்படி திடீர் தடிப்பு வர முக்கிய காரணம், காய்ச்சலை கொண்டு வந்த அதே வைரஸ் கிருமிதான். தோலுக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் வெளியாகி, சின்ன ரத்தக்குழாய்களில் இருந்து நீர் கசிவதால் தோல் தடிக்கிறது. ஒரு தடிப்பு 24 மணி நேரத்துக்குள் சுவடு தெரியாமல் மறையும். அதற்குள் வேறு இடத்தில் இன்னொன்று கிளம்பும். பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். டாக்டர் எழுதி தரும் செட்ரிசின் போன்ற மருந்தே அரிப்புக்கு போதும்.

மாத்திரை மேல் போடும் பழி அப்படி லேசில் மறைவது இல்லை. "இந்த பிள்ளைக்கு அமாக்சிசிலின் ஒத்துக்காது" என்று சீட்டில் ஒருமுறை எழுதிவிட்டால், பெரியவன் ஆனாலும் அது கூடவே வரும். நிமோனியா வந்தால்கூட விலை கூடிய வேறு மருந்தை தேட வேண்டியதுதான்.

கனடாவின் மான்ட்ரியால் நகரில் இப்படி முத்திரை விழுந்த 818 குழந்தைகளுக்கு டாக்டர்கள் கண்காணிப்பில் அதே மருந்தை மீண்டும் கொடுத்து பார்த்தனர். 770 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அதற்காக வீட்டில் யாரும் சோதித்து பார்க்க கூடாது. மீதி 48 பேருக்கு ஒவ்வாமை வந்தது என்பதையும் மறக்க கூடாது.

எப்போது ஆபத்து?

தடிப்போடு மூச்சு திணறல், இளைப்பு, குரல் கம்முதல், தொடர் வாந்தி, மயக்கம் வந்தால் ஒரு நிமிஷம்கூட தாமதிக்க கூடாது. கடலை, முட்டை, இறால் சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள்ளோ, குளவி கொட்டிய பிறகோ, மருந்து கொடுத்த உடனேயோ இப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து. அப்போது குழந்தையை காப்பாற்றுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்ரிசின் உதவாது. மந்திரிக்க போகும் நேரத்தில் 108-ஐ கூப்பிட வேண்டும். மயங்கும் குழந்தையை நடக்க விடாமல் படுக்க வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு போவதற்குள் தடிப்பு மறைந்துவிடுவதும் உண்டு. அதனால் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. என்ன மருந்து, எத்தனை மணிக்கு கொடுத்தது, எத்தனை மணிக்கு தடித்தது என்பதையும் குறித்து டாக்டரிடம் காட்ட வேண்டும். தப்பு மாத்திரை மேலா, கிருமி மேலா என்று அவர் முடிவு செய்ய அதுதான் உதவும்.