கணினி வந்தது, நோட்டு போகவில்லை

காரமடையிலிருந்து கோவை வரை, மேட்டுப்பாளையம் சாலையையொட்டிய தொழிற்கூடங்களில் கணினி இல்லாத அலுவலகத்தை இன்று காண்பது அரிது. அதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் கொண்ட நிறுவனங்களுக்கு விதிக்கப்பட்ட மின் விலைப்பட்டியல் முறை, படிப்படியாக விரிந்து, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்களுக்கும் கட்டாயமாயிற்று. கணக்காளரின் மேஜை எண்மமயமாகிவிட்டது. அந்த மேஜையைத் தாண்டி உற்பத்திக் கூடத்துக்குள் மாற்றம் நுழைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவரின் பம்புசெட் உதிரிபாகத் தொழிற்கூடத்துக்குச் சென்றிருந்தேன். பல லட்சம் ரூபாய் செலவில் உற்பத்தி மேலாண்மை மென்பொருள் வாங்கி ஈராண்டுகள் ஆகின்றன. அலுவலகத் திரையில் எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே சென்று பார்த்தால், ஆறு லேத் இயந்திரங்களில் இரண்டு நின்றிருந்தன. மேற்பார்வையாளரின் சட்டைப்பையில் ஒரு சிறிய நோட்டு இருந்தது. எந்த இயந்திரம், எத்தனை மணிக்கு, எதனால் நின்றது என்பதெல்லாம் அதில் துல்லியமாக எழுதப்பட்டிருந்தது. இதைக் கணினியில் ஏன் பதிவதில்லை என்று கேட்டேன். 'பதிஞ்சா எங்களைத்தானுங்க கேள்வி கேக்கறாங்க. மெஷின் ஏன் நின்னுதுன்னு யாரும் கேக்கறதில்லீங்க' என்றார்.

மென்பொருளில் பழுதில்லை. அதில் உண்மையைப் பதிபவருக்குத் தீமை உண்டு, நன்மை இல்லை என்பதே பழுது. அதைச் சரிசெய்ய எந்த மென்பொருள் நிறுவனத்தாலும் இயலாது. முதலாளியால் மட்டுமே இயலும்.

பொருளாதார வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் 1882-இல் இயங்கத் தொடங்கியது. ஆனால், அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித் திறன் பாய்ச்சல் கண்டதோ 1920-களில்தான். பொருளாதார வரலாற்றறிஞர் பால் டேவிட் 1990-இல் இதற்கு விளக்கம் தந்தார். பழைய ஆலைகளில் ஒரே நீராவி எந்திரம் நீண்ட சுழல்தண்டின் வழியாக எல்லா இயந்திரங்களையும் இயக்கியது. மின்சாரம் வந்ததும், நீராவி எந்திரத்தை அகற்றி அங்கே ஒரு பெரிய மோட்டாரை வைத்தனர். சுழல்தண்டையும் வார்ப்பட்டைகளையும் ஆலையின் அமைப்பையும் அப்படியே விட்டுவிட்டனர். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தி, வேலையின் போக்குக்கேற்ப ஆலையையே மாற்றியமைத்த பிறகுதான் பலன் கிட்டியது.

கோவையும் இதை அறியும். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபோது, அது விளக்கெரிவதோடு நிற்கவில்லை. பஞ்சாலைகள் பெருகின, கிணற்றடிக்கு மின்மோட்டார் சென்றது, அந்த மோட்டாரையும் பம்பையும் செய்வதே இந்நகரின் அடையாளமாயிற்று. இன்று வரிக்கணக்குக்கு மட்டும் கணினியைப் பயன்படுத்துவது, மின்சாரத்தை விளக்குக்கு மட்டும் பயன்படுத்துவதற்கு ஒப்பாகும்.

கணினியை நம்பி, வேலை அறிந்தவரை நம்ப மறுப்பது இன்னும் ஆபத்தானது. பிரிட்டன் அஞ்சலகங்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் பணப் பற்றாக்குறை இருப்பதாகத் தவறாகக் காட்டியது. பணம் எடுக்கவில்லை என்று கிளைப் பொறுப்பாளர்கள் கூறியதை நிர்வாகம் ஏற்கவில்லை. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அத்தீர்ப்புகளை ரத்து செய்ய 2024-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

எனவே, எண்ம மாற்றத்தை மேற்கொள்ளும் நிறுவனத் தலைவர்கள் சிலவற்றை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். இயந்திரம் நின்றதைப் பதிந்ததற்காக எவர்மீதும் நடவடிக்கை இல்லை என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கூடம் முழுவதும் ஒரே நாளில் மாற்றாமல், ஓர் இயந்திர வரிசையில் தொடங்க வேண்டும். திரை தமிழில் இருக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர் இருப்பின் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும். பயிற்சி, ஊதியம் பெறும் வேலை நேரத்துக்குள் நடைபெற வேண்டும். மிச்சமாகும் நேரம் ஆள்குறைப்பாக மாறாது என்ற உறுதியும், பெருகும் வருவாயில் ஒரு பங்கும் இல்லாமல் தொழிலாளரின் ஒத்துழைப்பை எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஜாப் ஒர்க் கூலியே கட்டுப்படியாகாத நிலையில் இதற்கெல்லாம் நேரமும் பணமும் ஏது என்று சிறுதொழில் முனைவோர் கேட்கக்கூடும். அவர்களின் நெருக்கடி உண்மையானது. ஆனால், மேற்கூறியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெருமுதலீடு தேவையில்லை. நிற்கும் இயந்திரத்துக்கும் வங்கி வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது ஏன் நின்றது என்பதை அறியாமலிருப்பதே பெரும் செலவு.

என் மாணவரிடம் விடைபெறும்போது ஒன்றை மட்டும் சொன்னேன்: அந்த நோட்டைப் பறிக்க வேண்டாம், அதிலுள்ளதை அந்த மேற்பார்வையாளரே அச்சமின்றித் திரையில் பதியும் நாளே உங்கள் நிறுவனத்தில் மாற்றம் தொடங்கிய நாள்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).